காந்தம் ஒன்று

தீக்குச்சி நீளம்கூட இல்லை.
கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு தகடுகள்,
முனையோடு முனை, மயிரிழை விலகி.
காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்ளும்,
போனால் விட்டுவிடும்.
காதோடு வைத்தால் 'டிக்'.
அதற்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான்.

திம்மராயன் கேட்டது திருடனுக்கு அல்ல.
"ஈக்கும்மா."
மாரண்டஅள்ளி தாண்டிக் கரட்டடியில் அவர் புழு ஷெட்.
போன தடவை யாரோ வலைக்கதவை ஒருக்களித்துவிட்டுப் போக
ஊஜி ஈ நுழைந்தது.
புழுவின் முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளி,
அப்புறம் ஒரு கறுப்புத் தழும்பு,
கட்டிய கூட்டில் பாதி ஓட்டை.
"தொறந்து கெடந்தா கத்தணும்.
யாரா இருந்தாலும் கத்தணும்."

பாலக்கோட்டில் மோட்டார் காயில் சுற்றுகிறவள் நான்.
முதல் சுவிட்சைக் கால் வளைக்கும்போதே உடைத்தேன்.
கண்ணாடிக்கும் வளைவுக்கும் நடுவே குறடு பிடிக்கணும்,
தெரியும், அவசரம்.
இரண்டாவது, திறந்தாலும் கத்தியது
சாத்தினாலும் கத்தியது.
கதவுச் சட்டம் இரும்பு.
காந்தத்தின் பலத்தையெல்லாம் தானே குடித்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் நின்றது.
கெம்பம்மா உள்ளே போய்
பையனின் முறிந்த மர ஸ்கேலைக் கொண்டுவந்தாள்.
நடுவில் அதை வைத்ததும் அடங்கியது.

சாத்தியிருக்கும்வரை மின்சாரம் ஓடும்,
ஓடுவதால்தான் மௌனம்,
அறுந்தால் சத்தம்.
மூன்று தரம் சொன்னேன் அவருக்கு.
"அப்போ வயர வெட்டுனாலும் கத்துமா?"
கத்தும்.
"நல்லது."
மல்பெரிக் கட்டை அவிழ்த்தபடி
கெம்பம்மா நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் கடைக்கு வந்தாள்,
டவுன் பஸ்ஸில், மடியில் ஒரு மிக்ஸி ஜாரோடு.
ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து
ஷெட்டுக்குப் போவது வழக்கமாம்.
கடைசித் தீனி பத்துக்கே முடிந்துவிடும்.
"வேல எதுவும் இல்ல. சும்மா."
லைட் போடுவதில்லை.
ஸ்டேண்டுகளுக்கு நடுவே கால்மணி நேரம் நிற்பது.
புழுக்கள் தின்கிற சத்தம் எனக்கும் தெரியும்,
பரீட்சை ஹாலில் எல்லாரும் ஒன்றாய்த் தாள் புரட்டுவது.
"இப்போ தொறந்தா அது கத்துது.
அவரு எந்திரிச்சி ஏன்னு கேக்குறாரு.
ஏன்னு ஒண்ணும் இல்லியே,
என்னத்தச் சொல்ல?"

மிக்ஸி ஜாரில் கோளாறு எதுவும் இல்லை.

செத்த இயர்போன் ஒன்றை உடைத்தேன்.
சுண்டைக்காய்க்கும் சின்னக் காந்தம்.
ஸ்க்ரூடிரைவரில் ஒட்டிப் பார்த்தேன், போதாது.
பழைய ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்று.
எந்தப் பக்கம் என்பது முக்கியம்.
திருப்பி வைத்தால் இரண்டு காந்தமும்
ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அது கத்திவிடும்.
சரியான பக்கத்தில்
நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன்.
"பொட்டு உங்களப் பாக்கணும்.
சுவிட்ச் மேல ஒட்டிட்டு, அப்புறம் தாழ்ப்பாள்.
உள்ள போனதும் சாத்திடுங்க,
ராத்திரில ஈ வராதுன்னு இருந்துடாதீங்க."
சுவிட்சை நிலையின் வெளிப்பக்கம்தான் மாட்டியிருந்தேன்.
உள்ளே தூவுகிற பிளீச்சிங் பவுடர் கம்பியைத் தின்னும்.
அந்தக் காரணம் உண்மைதான்.

முந்தானையில் முடிவதற்குள்
காந்தம் துள்ளிப்போய்
அவள் தாலிக்கயிற்றின் சேஃப்டி பின்னில் ஒட்டிக்கொண்டது.
பிடுங்கும்போது சிரித்தாள்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஜாரை மறந்துவிட்டுப் போனாள்.

தருமபுரியில் கூடு விற்ற மறுநாள்
திம்மராயன் பாக்கி கொடுக்க வந்தார்.
பில் எழுதினேன்.
சுவிட்ச் இரண்டு,
உடைந்தது என் கணக்கு என்று ஒன்றை அடித்தேன்.
பஸ்ஸர், பேட்டரி, வயர் எட்டு மீட்டர்,
காந்தம் ஒன்று.

"நல்ல வேலைம்மா.
மொதப் பத்து நாள்தான் தொல்ல.
அப்புறம் ஒரு ராத்திரிகூடக் கத்தல."

மீதி இருபது ரூபாயை எண்ணி வைத்தேன்.
ஜாரைப் பையில் போட்டுக் கொடுத்தேன்.
பேட்டரியை மட்டும் மாசம் ஒருதரம் பாருங்கள் என்றேன்.